நாற்றின் இலை எந்த வெளிச்சத்தில் விரிந்தது? சோலை மரம் நடுமுன் பாருங்கள்

நிழல்வலைக்குள் கரும்பச்சையாக, அகன்ற இலைகளோடு நிற்கும் நாவல், சண்பகம் போன்ற சோலை (உயர்மலைக் காடு) மர நாற்றுகளை நல்ல செழிப்பு என்று நம்பி, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படியே திறந்த சரிவில் நட்டுவிடுகிறார்கள். சில நாளில் இலையின் நடுப்பகுதி வெளுக்கிறது, ஓரம் கருகுகிறது. உடனே பூஞ்சைமருந்து அடிக்கிறார்கள். பல நேரம் அது நோயே இல்லை. அந்த இலை அந்த வெயிலுக்கு உருவானதல்ல, அவ்வளவுதான்.

நிழலில் விரியும் இலை அகலமாக, மெல்லிசாக இருக்கும். ஒளியைப் பிடிக்கும் பாலிசேட் செல்கள் குட்டையாக, பெரும்பாலும் ஒரே அடுக்காக அமையும். மேலே மெழுகுப்படலமும் மெலிசு. வெயிலில் விரிவது சிறியது, தடித்தது. அந்தச் செல்கள் நீண்டு, பல மரங்களில் இரண்டு அடுக்காகவும் நிற்கும். தண்ணீர் குறைந்தால் செல்களை விரிக்க உள்ளழுத்தம் போதாமல் இலை சிறுத்து, நரம்புகளும் இலைத்துளைகளும் நெருங்கிவிடும். நேரில் பார்க்க ஆசையா? இலையின் அடிப்பக்கம் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் செல்லோடேப்பால் உரித்து 400 மடங்கு நுண்ணோக்கியில் வையுங்கள். வெயில் இலையில் துளைகள் நெருக்கமாகத் தெரியும்.

முழுதாக விரிந்த இலை பச்சையத்தை ஓரளவு கூட்டிக் குறைக்கும்; தடிமனைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்ளாது. அதனால் நாற்றை வெயிலுக்குப் பழக்குவதை நாள்கணக்கில் பார்க்காதீர்கள், புது இலைக் கணக்கில் பாருங்கள். 75 சதவீத நிழல் தரும் வலையிலிருந்து 50 சதவீத வலைக்கு, பிறகு காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் புதுத்தளிர் விரிந்து முற்றிய பிறகே அடுத்தது. கூடவே தண்ணீரையும் குறையுங்கள்: பையின் மேல்மண் 2 செ.மீ. காய்ந்த பிறகு ஊற்றினால் போதும், வாட மட்டும் விடக்கூடாது. நிழலிலும் ஓயாத ஈரத்திலும் வளர்ந்த நாற்றுக்கு இலை அதிகம், வேர் குறைவு. வெயிலில் இலை இழக்கும் நீரை அந்த வேரால் ஈடுகட்ட முடியாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த வேலை வேண்டாம். உறைபனி இரவுக்குப் பின் வரும் தெளிந்த காலை வெயில்தான் மிக மோசம். குளிரில் இலை சர்க்கரை தயாரிக்கும் வேகம் குறைந்திருக்க, ஒளி மட்டும் முழுதாக வந்து விழுந்து பச்சையத் தொகுதியைச் சிதைக்கிறது.

நடுமிடமும் முக்கியம். மலைப் புல்வெளி காலிமனை அல்ல, அங்கே மரம் நடவே கூடாது. சோலை ஓரமோ, சீகை (வாட்டில்) மரங்களின் அரைநிழலோ தேடுங்கள். மேலே கிளை மூடியிருந்தால் பனியும் குறைவாகவே விழும்.

ஏற்கெனவே கருகிய நாற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். நுனிமொட்டு பச்சையாக இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மேற்குப் பக்கம், விதை பரவாமலிருக்க நெற்று இல்லாத சீகைக் கிளையாகப் பார்த்து ஊன்றி நிழல் கொடுங்கள். புது இலை விரிந்து முற்றும்வரை அதை எடுக்க வேண்டாம்.