மாத்திரை காலையில் என்றால் எந்தக் காலை?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா, நான் தாதியாக இருக்கும் கிளினிக்குக்கு வருவார். வயது ஐம்பதைத் தாண்டியவர். பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பவர். (ஆள் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து ஒன்பது வருடம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஒவ்வொரு முறையும் பத்துக்கு மேல்தான். "மருந்து எடுக்கிறீங்களா அக்கா?" என்றால், "எடுக்கிறேன் மிஸி" என்பார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. பேச்சைக் கேட்காதவர் என்ற பொருளில் அவருடைய அட்டையில் ஒரு வரியும் ஏறிவிட்டது. எழுதியது நானாகவே இருக்கலாம்.

ஒருநாள் நல்ல மழை, கிளினிக்கில் கூட்டமில்லை. அக்காவை உட்காரவைத்து, எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள் என்று கதை கேட்பதுபோலக் கேட்டேன். நாலரைக்கு எழுந்ததும் ஒரு வரக்காப்பி. ஐந்தரைக்குப் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. அப்புறம் நிரை, மர வரிசையில் வெட்டு. பசியாறுவது பத்து மணிக்கு மேல். மாத்திரைப் பையில் "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதியிருக்கிறது. அவருக்குக் காலை என்றால் நாலரை. காப்பிக்கு முன்னாலேயே மாத்திரை உள்ளே போய்விடும். சோறோ ரொட்டியோ அதன் பின்னால் போக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அவர் போட்டது கிளிக்கிளாசைட். கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்றெல்லாம் அது பார்க்காது. ஏழெட்டு மணிக்கு வேர்வை கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். மரம் வெட்டுகிறவருக்கு வேர்வை ஒரு பெரிய விஷயமா? ஒருமுறை மரத்தைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகு, "இந்த மருந்து நமக்கு ஒத்துக்கல" என்று வேலை நாளில் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமையிலும் கிளினிக்குக்கு வருகிற நாளிலும் மட்டும் போடுவார். எடுக்கிறேன் என்று சொன்னதில் பொய்யே இல்லை.

டாக்டரிடம் சொல்லி, மாத்திரையைப் பசியாறும் நேரத்துக்கு மாற்றினோம். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த பரிசோதனையில் 8.1.

இதைப் படித்துவிட்டு யாரும் நேரத்தைத் தானாக மாற்றிக்கொள்ள வேண்டாம். உங்கள் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, முதல் சாப்பாடு எப்போது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலே சொன்ன மாதிரி வேர்த்து நடுங்கினால், சர்க்கரை மீட்டர் இருந்தால் பாருங்கள். நம் மீட்டரின் மில்லிமோல் கணக்கில் 4க்குக் கீழே போயிருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் சீனித் தண்ணீரை முதலில் குடியுங்கள்.

இவ்வளவையும் எழுத வந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. பல்கலைக்கழகம் ஒன்றில் பணிபுரியும் டாக்டர் ஒருவர் கூப்பிட்டார். நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் சேர்த்து ஓர் ஆய்வு, சிகிச்சை மையம் அமைக்கும் பேச்சு நடக்கிறதாம். களத்தில் இருக்கும் தாதிகளிடம் கருத்துக் கேட்கிறாராம். எத்தனை மாடி, என்ன கருவி என்பதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் கதையைச் சொன்னேன். ஆய்வும் சிகிச்சையும் ஏன் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அந்த நாலரை மணி எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. ஒரே ஆளை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவரால்தான் அதைக் கேட்டுப் பிடிக்க முடியும்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் எங்கள் பக்கத்துக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் குழு கோயில் மண்டபத்தில் மேசை போட்டு ரத்தம் எடுத்தது. ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம், ஒரு டி-சட்டை. முடிவு வரவே இல்லை. இன்றைக்கும் யாராவது இடுப்பளவு எடுக்க நாடாவை நீட்டினால், "டி-சட்டை என்ன கலர் மிஸி?" என்று கேட்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார்.

ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் தோட்டத்தைத் தேடி வந்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் தொடங்கியது 1900இல். மறு வருடம் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடியவைத்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. ஆள் செத்தால் பால் வடியாது என்று துரைமார்களுக்குத் தெரியும். இனிப்பு நீர் அப்படி அவசரப்படுத்தாது. ஆள் வேலைக்கு வந்துகொண்டே இருப்பார். கால் அழுகுவதும் சிறுநீரகம் பழுதாவதும் பெரும்பாலும் ஓய்வுக்குப் பிறகு. அப்போது அவர் எந்தத் தோட்டத்தின் கணக்கிலும் இருக்கமாட்டார்.

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அந்த ஆய்வில் அகப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

பருமனைப் பற்றிப் பேச எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். "நல்லா பூசினாப்ல இருக்கே" என்பது இன்னும் பாராட்டுத்தான். முந்தைய தலைமுறை மலை ஏறி இறங்கி வெட்டியது, வாளியைத் தூக்கி நடந்தது. அவர்கள் பிள்ளைகள் தாமானுக்கு (பட்டணத்துக் குடியிருப்புக்கு) குடிவந்து, பாதுகாவலர் வேலையில் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மலை போய்விட்டது, தட்டில் சோறு மட்டும் அதே அளவில் இருக்கிறது. தூக்கம் வராமலிருக்க இரவில் மூன்று தே தாரிக், எல்லாம் டின் பாலில். 2019இல் சீனி வரி வந்தது டப்பாவிலும் போத்தலிலும் அடைத்த பானத்துக்குத்தான்; கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேநீரை அது தொடாது.

ஒல்லியானவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. நம் உடம்பு வாகில் கொழுப்பு கையிலும் காலிலும் தெரியாமல் வயிற்றுக்குள் சேரும். அதனால்தான் இங்கே பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 23 வந்தாலே கூடுதல் எடை என்கிறோம். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 வந்துவிட்டால் கவனிக்க வேண்டும். அளப்பது தொப்புள் பக்கம். கால்சட்டை அளவைச் சொல்லி என்னை ஏமாற்றிய அண்ணன்மார் நிறையப் பேர்.

முப்பது வயதானவர்கள், உடம்பு நன்றாக இருந்தாலும், ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள். மலேசிய வழிகாட்டுதலில் எச்பிஏ1சி 6.3 என்றாலே நீரிழிவு என்று எடுத்துக்கொள்கிறோம். பல நாடுகளில் அது 6.5. தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்ஆப்பில் வரும் காணொளிகளில் சர்க்கரை 140 என்று சொன்னால் அது நம் மீட்டரில் 7.8. அவர்கள் எண்ணை 18ஆல் வகுக்க வேண்டும். வகுக்காமல் பயந்து ஓடிவந்தவர்களும் உண்டு, "எனக்கு வெறும் 14தானே" என்று சிரித்தவரும் உண்டு. அவருக்கு அன்றைக்கே இன்சுலின் தொடங்கினோம்.

சென்னையில் 1948இலேயே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கிவிட்டார். அதே ஊரில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து 2006இல் முடிவை வெளியிட்டது. நடையும் உணவு மாற்றமும் மட்டுமே நோய் வருவதை 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 26.4. நம் தாத்தா பாட்டி கப்பலேறிய மண்ணின் ஆட்களிடம் கிடைத்த கணக்கு இது. ஆனால் அங்கே பெரட்டு இல்லை, ரொட்டி சானாய் இல்லை, செம்பனைத் தோப்பில் ஈர பூட்ஸோடு எட்டு மணி நேரம் இல்லை. மரத்துப்போன காலில் செம்பனை முள் குத்தினால் ஆளுக்குத் தெரியாது. பூட்ஸைக் கழற்றும்போது நாற்றம்தான் சொல்லும். இப்படிப்பட்டவர்களுக்கு எந்தக் காலணி, எத்தனை மணிக்கு மருந்து, எந்த வேளையில் நடை என்று இங்கேயே பார்த்துத்தான் எழுத வேண்டும்.

டாக்டரிடம் மூன்றே விஷயம் கேட்டேன். மையத்தின் கிளினிக் வாரத்தில் ஒருநாளாவது மாலையில் திறந்திருக்க வேண்டும். காலையில் வரச் சொன்னால் ஒரு நாள் சம்பளம் போகும். உணவு ஆலோசனை தமிழில், சமைக்கிற அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். எடுத்த ரத்தத்தின் முடிவு, கொடுத்தவர் கைக்கு வர வேண்டும். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, ஒருநாள் அந்தப் பெரட்டை நேரில் பார்க்கலாமா என்று கேட்டார். வருகிற புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கொசு மருந்து பூசிக்கொண்டு.