வழிகாட்டி இருக்கிறார் என்ற தைரியம் மட்டும் போதாது

உயர்ந்த சிகரங்களுக்குச் செல்லும் குழுக்களில் சேர விரும்பி மருத்துவ ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களை நம்பிக்கையோடு சொல்வார்கள்: மாதக்கணக்கில் ஓடிப் பயிற்சி எடுத்திருக்கிறேன் என்பது ஒன்று, அனுபவமுள்ள வழிகாட்டியுடன்தான் போகிறேன் என்பது மற்றொன்று. இரண்டும் நல்லவையே. ஆனால் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர்மலை நோயிலிருந்து முதலாவது காப்பாற்றுவதில்லை. இரண்டாவது, சில வேளைகளில் நோயை மறைப்பதற்கே காரணமாகிவிடுகிறது.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதியாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. மூச்சின் வேகத்தைக் கூட்டியும், அதனால் மாறும் இரத்தத்தின் காரத்தன்மையைச் சிறுநீரகத்தின் வழியே சரிசெய்தும் உடல் இதற்குப் பழகிக்கொள்கிறது என்றாலும், அதற்கு நாட்கள் தேவை. உடற்பயிற்சி அந்த நாட்களைக் குறைப்பதில்லை. சொல்லப்போனால், கால்பலம் உள்ளவர் உடல் பழகுவதற்கு முன்பே வேகமாக ஏறிவிடுகிறார் என்பதால் அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

எனவே பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது பயணத் திட்டத்தில் உள்ள இரவுகளை. பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதே முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவுக்கு மராங்கு வழியில் விற்கப்படும் ஐந்து நாள் திட்டத்தைப் பாருங்கள். முதல் இரவு ஏறத்தாழ 2,700 மீட்டரில், அடுத்தது 3,700இல், அதற்கடுத்தது 4,700இல். கயிறும் பனிக்கோடரியும் வேண்டாத மலை என்ற ஒரே காரணத்தால் அதை எளிய மலை என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

குழுவாகப் போவதில் இன்னொரு சங்கடம் உண்டு. பெருந்தொகை கட்டியாகிவிட்டது, அனுமதி நாட்கள் எண்ணப்பட்டவை, வானிலை இரண்டு நாள் மட்டுமே தெளிவாக இருக்கும் என்கிறார்கள். இந்த நிலையில் காலையில் வழிகாட்டி நலம் விசாரிக்கும்போது 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. வெயில், தண்ணீர் போதவில்லை, தூக்கமில்லை என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிப்பார்கள். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியுடன் குமட்டலோ தலைச்சுற்றலோ மிகுந்த சோர்வோ சேர்ந்திருந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை உயர்மலை நோய் என்றே கொள்ள வேண்டும். அறிகுறி தீரும்வரை அதற்கு மேல் ஏறக்கூடாது.

உயிரைப் பறிக்கும் இரண்டு நிலைகளை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மூளை வீங்கும்போது நடை தள்ளாடும், பேச்சு குழறும். கூடாரத்தின் முன் சமதரையில் ஒரு நேர்கோட்டைக் கற்பனை செய்துகொண்டு, ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் விரல்நுனியில் தொடுமாறு வைத்துப் பத்துப் பதினைந்து அடி நடக்கச் சொல்லுங்கள்; கைகளை விரித்துத் தடுமாறுபவரும், கோட்டைவிட்டு விலகுபவரும், 'குளிரில் கால் மரத்துவிட்டது' என்று சிரித்து மழுப்பினாலும், இறக்கப்பட வேண்டியவரே. நுரையீரலில் நீர் கோத்தால், நடக்கும்போது மட்டுமல்லாமல் உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும். இருமல் இரவில் முற்றும். சளியில் இளஞ்சிவப்பு நுரை வரலாம். இந்த இரண்டுக்கும் முதல் சிகிச்சை உடனே கீழே இறங்குவதுதான். ஆக்சிஜனும், நோயாளியை உள்ளே கிடத்திக் காற்றழுத்தம் ஏற்றும் பையும், மருந்துகளும் இறங்கும்வரை தாக்குப்பிடிக்க உதவும்.

மருந்து விஷயத்தில் பலர் தாமாகவே முடிவெடுக்கிறார்கள். அசெட்டசோலமைடு, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து 125 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை, உடல் பழகுவதை உண்மையிலேயே விரைவுபடுத்துகிறது. விரல்நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், சிறுநீர் அதிகம் போகும், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். டெக்சாமெத்தசோன் அப்படியல்ல. அது உடலைப் பழக்காமல் அறிகுறிகளை மட்டும் அடக்குவதால், அதைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுபவருக்கு மருந்தை நிறுத்தியவுடன் நோய் திரும்பத் தாக்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் இப்போது எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள். குளிர்ந்த விரலில் அது காட்டும் எண்ணைப் பார்த்துப் பதறுவதும், நல்ல எண் வந்ததென்று தலைவலியை அலட்சியப்படுத்துவதும் ஒரே அளவு தவறு.

ஏற்பாட்டாளரிடம் எத்தனை பேர் உச்சியைத் தொட்டார்கள் என்று கேட்பதைவிட, ஒருவர் நோயுற்றால் அவரை இறக்கிச் செல்லத் தனி ஆள் இருக்கிறாரா, ஆக்சிஜனும் சாட்டிலைட் போனும் எந்த முகாம்வரை வருகின்றன, திட்டத்தில் உபரி நாட்கள் எத்தனை என்று கேளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் உயர வரம்பு இருக்கும். உங்கள் சிகரம் அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். ஹெலிகாப்டரை முழுவதும் நம்ப வேண்டாம். மேகம் சூழ்ந்தால் அது வராது, இருட்டிய பின்னும் பெரும்பாலான மலைகளில் வராது. நோயாளி இருட்டில் நடந்தோ தூக்கப்பட்டோ இறங்க நேரிடலாம், அப்போதும் அவரைத் தனியே அனுப்பக்கூடாது. கூடச் செல்பவர் வழி தெரிந்தவராகவும் நோயாளியின் மொழி பேசுபவராகவும் இருக்க வேண்டும்.