வாய்க்கால் முடிகிற ஊர்

மரக்காணத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நின்று ஒரு தென்னை மட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஒரு பக்கமாக மிதந்து போகும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே மட்டை வந்த வழியே திரும்பிக்கொண்டிருக்கும். வயலுக்குப் பாயும் வாய்க்காலில் இப்படி நடக்காது. அங்கே தண்ணீரை ஓட வைப்பது சரிவு. இந்தக் கால்வாய்க்குச் சரிவே இல்லை. அது கடல் மட்டத்திலேயே கிடக்கிறது. முகத்துவாரம் வழியாக ஓதம் (கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறும்போது தண்ணீர் உள்ளே வருகிறது, இறங்கும்போது வெளியே போகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

இவ்வளவு நீளமான கால்வாயை முழுக்க மனிதர்களே தோண்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதி வேலையைக் கடல் முன்பே முடித்து வைத்திருந்தது. சோழமண்டலக் கரையில் அலைகள் மணலைக் கொண்டுவந்து கரைக்கு இணையாக மேடு கட்டுகின்றன. மேட்டுக்குப் பின்னால் தாழ்வான இடங்களில் உவர்நீர் தேங்கிக் கழிகளாகிவிடும். அந்தக் கழிகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் போதும், படகுக்கு வழி கிடைத்துவிடும். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாயில்தான் இது தொடங்கியது. 1837இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877-78இல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் வாய்க்காலைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். பசியோடு வந்தவர்கள் மண் சுமந்து வெட்டிய வாய்க்கால் அது. பெயர் என்னவோ அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது. ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை இதன் நீளம் சுமார் 420 கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டில் 163. தெற்கு முனை மரக்காணம்.

அசையாத தண்ணீரில் படகு மெதுவாகப் போனால் தடை மிகக் குறைவு. வேகம் இரட்டிப்பானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அவசரம் இல்லையென்றால், கரையில் நடந்தபடி கயிறு இழுக்கும் ஓரிருவரே மாட்டுவண்டி தாங்காத பாரத்தை நகர்த்திவிடலாம். காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். உப்பும் சவுக்கு விறகும் அப்படித்தான் சென்னைக்குப் போயின.

ஆறு குறுக்கிடும் இடம்தான் தொல்லை. வெள்ளம் வந்தால் ஆறு மணலைக் கால்வாய்க்குள் தள்ளும். அதற்காகத்தான் லாக் (படகுக்குத் திறந்து மூடும் கதவடைப்பு) கட்டினார்கள். இரண்டு கதவுகள் உயரமான தண்ணீரைப் பார்த்தபடி V வடிவில் சேர்ந்து நிற்கும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். எளிமையான, அழகான ஏற்பாடு.

ஆனாலும் வண்டலை முழுக்கத் தடுக்க முடியாது. இரண்டு முகத்துவாரங்களிலிருந்து ஏறிவரும் ஓதங்கள் நடுவில் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். நின்ற தண்ணீர் சேற்றைக் கீழே விடும். தூர் வாராமல் விட்டால் சில வருடங்களில் படகு தரை தட்டும். ரயிலும் லாரியும் சரக்கை எடுத்துக்கொண்டன. 1965, 66ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ஆனால் 2004 சுனாமியின்போது சென்னைக்கு வடக்கே இதே கால்வாய் பாய்ந்து வந்த தண்ணீரை வாங்கித் தன் நீளத்துக்குப் பரப்பி, மறுபடி கடலுக்கே அனுப்பியது. அதனால் பிழைத்த ஊர்கள் உண்டு. கால்வாயில் குப்பை கொட்டுகிறவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சரி, மரக்காணத்துக்கு வருவோம். ஊருக்குத் தென்மேற்கே கழுவேலி ஏரி. இந்தக் கரையில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, 2021 முதல் பறவைகள் சரணாலயம். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் நிறையும், கோடையில் உப்பேறும். இன்னும் தெற்கே போனால் செம்மண் மேடு கடலை நெருங்கி வருகிறது. மரக்காணமோ தாழ்வானது, தட்டையானது, காற்றும் வெயிலும் தாராளம். உப்புக்கு வேறென்ன வேண்டும்? சோழர் காலத்திலேயே உப்புக்குப் பேர்போன ஊர் இது.

உப்பளத்தில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள், அதில் 27 கிராம் அளவுக்குச் சோற்றுப்பு. தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய வைக்கிறார்கள். சுருங்கச் சுருங்க முதலில் கொஞ்சம் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சோற்றுப்பு விளையத் தொடங்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் மேலே மெல்லிய வெள்ளை ஏடு கட்டும், லேசாகக் காற்று அசைத்தாலே உடைந்து கீழே இறங்கும். கடைசிச் சொட்டு வரை காய விடக் கூடாது. மிச்சமிருக்கும் மக்னீசிய உப்புகளும் சேர்ந்துகொண்டால் உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து நசநசக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே வெறுங்காலோடு பாத்தியில் இறங்கி, நீளக் கழி பூட்டிய பலகையால் உப்பை வரப்போரம் வாரிக் குவிக்கிறார்கள். கசப்பு நீரைத் திறந்து வெளியே விட்ட பிறகு, அதே பாத்தியில் அடுத்த தண்ணீர் ஏறுகிறது.