பிளைவுட் கணக்கும் காபிப் பஞ்சமும்

முதலாளித்துவமா சோசலிசமா என்று பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே ஸ்டாலின் வந்துவிடுவார் (ரஷ்யக்காரரைச் சொல்கிறேன்), மூன்றாவதில் அமெரிக்கா வந்துவிடும், அதற்குப் பிறகு யாரும் யார் பேச்சையும் கேட்கமாட்டார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது இந்த இரண்டும் இயந்திரமாக எப்படி ஓடுகின்றன என்பதுதான். எங்கோ ஒரு பொருள் பற்றாக்குறையானால் அந்தச் செய்தி இந்த அமைப்புக்குள் யாருக்கு, எப்படிப் போய்ச் சேர்கிறது?

1938-ல் சோவியத் நாட்டின் லெனின்கிராட் நகரில் ஒரு பிளைவுட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சந்தேகத்தோடு வந்தார்கள். மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி எடுக்கும் இயந்திரங்கள் எட்டு இருக்கின்றன, மரம் ஐந்து விதமாக வருகிறது, ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு மரத்தை ஒவ்வொரு வேகத்தில் சீவுகிறது, எதை எதில் போட்டால் அதிகம் கிடைக்கும்? கேள்வி போய்ச் சேர்ந்தது லியோனிட் கான்டரோவிச் என்ற கணிதப் பேராசிரியரிடம். அப்போது அவருக்கு வயது 26.

கேள்வி எளிதாகத் தெரியும், ஆனால் இல்லை. நானே எண்களைப் போட்டு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். பழைய இயந்திரம் மணிக்கு பிர்ச் மரத்தில் 4 பலகை அல்லது பைனில் 4 பலகை தரும். புதியது பிர்ச்சில் 12 அல்லது பைனில் 6. எட்டு மணி நேரம் இருக்கிறது. இரண்டையும் பாதி நேரம் இதில், பாதி நேரம் அதில் என்று ஓட்டினால் பிர்ச் 64, பைன் 40 கிடைக்கும். இப்போது பழையதை முழுக்க முழுக்க பைனில் விட்டுவிடுங்கள், 32 வரும். மீதி 8 பைனைப் புதியது ஒரு மணி இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரம் பூராவும் பிர்ச் சீவினால் அது மட்டும் 80. பைன் அதே 40-தான், ஆனால் பிர்ச் 16 பலகை கூடுதல். புதிய இயந்திரம், புதிய ஆள் எதுவும் இல்லை, வேலையை மாற்றிப் போட்டதோடு சரி.

இந்தத் தீர்வைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புதிய இயந்திரம் ஒரு பைன் பலகைக்காக இரண்டு பிர்ச்சை விட்டுக்கொடுக்கிறது, ஆகவே இந்தத் தொழிற்சாலையில் ஒரு பைனின் மதிப்பு இரண்டு பிர்ச். அப்படியானால் புதிய இயந்திரத்தின் ஒரு மணி நேரம் 12 பிர்ச்சுக்குச் சமம், பழையதன் ஒரு மணி நேரம் 4 பைன், அதாவது 8 பிர்ச். எது பற்றாக்குறை, எதை வீணாக்கினால் எவ்வளவு நஷ்டம் என்று சொல்லும் எண்கள் இவை. இதற்கு நாம் வழக்கமாக வைத்திருக்கும் பெயர் விலை. யாரும் எதையும் விற்கவில்லை, முதலாளி யாரும் இல்லை, இடம் ஸ்டாலின் காலத்து லெனின்கிராட். அப்படியும் கணக்குக்குள்ளிருந்து விலை எட்டிப்பார்க்கிறது.

கான்டரோவிச்சுக்கு இது உடனே புரிந்துவிட்டது, இதை எழுதினால் என்ன ஆகும் என்பதும் புரிந்துவிட்டது. விலை என்ற சொல்லைத் தவிர்த்து 'புறநிலையாகத் தீர்மானிக்கப்பட்ட மதிப்பீடுகள்' என்று சுற்றி வளைத்துப் பெயர் வைத்தார். மொத்த நாட்டின் பொருளாதாரத்துக்கும் இதை விரித்து 1942-ல் எழுதிய புத்தகம் 1959-ல்தான் வெளிவந்தது. 1975-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சோவியத் பொருளாதார அறிஞர்களில் அதை வாங்கியவர் அவர் மட்டும்தான்.

அந்த நோபல் ஆண்டிலேயே, 1975 ஜூலையில், பிரேசிலின் பரானா மாநிலத்தில் கடும் உறைபனி இறங்கிக் காபித் தோட்டங்களைக் கருக்கிப் போட்டது. உலகின் மிகப் பெரிய காபி உற்பத்தி நாடு என்பதால் 1977-க்குள் உலகச் சந்தையில் விலை பல மடங்கு ஏறிவிட்டது. ஒரே பனிதான், ஆனால் செய்தி இரண்டு வழியாகப் போனது.

சந்தை நாடுகளில் பரானா எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள்கூடக் கடையில் விலையைப் பார்த்து ஒரு கப்பைக் குறைத்துக்கொண்டார்கள், வேறு நாட்டு விவசாயிகள் கூடுதலாகக் கன்று நட்டார்கள், வியாபாரிகள் இருப்பைத் தேடி எடுத்தார்கள். யாரும் கூட்டம் போடவில்லை. பிளைவுட் தொழிற்சாலையில் பேராசிரியர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த எண், இங்கே லட்சக்கணக்கானவர்களின் முணுமுணுப்பிலிருந்து தானாகவே வந்துவிடுகிறது. முதலாளித்துவத்தின் பெரிய பலம் பேராசையோ போட்டியோ அல்ல, இதுதான் என்பது என் எண்ணம்.

அப்போது தனி சோசலிச நாடாக இருந்த கிழக்கு ஜெர்மனியில் கடை விலையை அரசு நிர்ணயித்தது. வெளியிலிருந்து காபி வாங்க டாலர் வேண்டும், கையில் அவ்வளவு இல்லை. உள்ளூர் விலையை ஒரேயடியாக ஏற்ற மேலிடத்துக்குத் துணிச்சலும் இல்லை. அதனால் 1977-ல் மலிவு ரகத்தைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு 'காஃபி-மிக்ஸ்' என்று ஒன்றை இறக்கினார்கள். அதில் காபி 51 சதவீதம், மீதி கம்பு மாதிரியான தானியம், சிக்கரி, பட்டாணி மாவு இப்படி. (சிக்கரி கலந்த காபியை நாம் விரும்பியே குடிக்கிறோம், ஆனால் பட்டாணி கொஞ்சம் அதிகம்தான்.) உணவகங்களின் காபி இயந்திரத்தில் பட்டாணி மாவு உப்பிக்கொண்டு அடைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அரசுக்குப் புகார்க் கடிதம் எழுதினார்கள். மேற்கு ஜெர்மனியில் 'குரோனுங்', அதாவது முடிசூட்டல், என்ற பெயரில் ஒரு பிரபலமான காபி உண்டு. தலைவர் எரிக் ஹோனெக்கரை வைத்து இந்தக் கலவைக்கு 'எரிக்கின் முடிசூட்டல்' என்று மக்கள் பெயர் சூட்டினார்கள். எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் கொடுத்துக் காபி வாங்கும் பண்டமாற்று வரை அரசு போனது.

விலையை அசையாமல் பிடித்து வைத்தால் பற்றாக்குறை எங்கேயும் போய்விடாது. க்யூவாக வரும், கலப்படமாக வரும், மேற்கிலிருந்து மாமா அனுப்பும் பார்சலாக வரும். நம் ஊரில் ஒரு காலத்தில் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்ததும் இதே கதைதான்.

சரி, கான்டரோவிச்சின் கணக்கை எல்லாத் தொழிற்சாலைக்கும் போட்டுவிட்டால் போதாதா, இப்போது கம்ப்யூட்டர் வேறு இருக்கிறதே என்று கேட்கலாம். சோவியத்திலேயே விக்டர் குளுஷ்கோவ் என்ற கணினி விஞ்ஞானி நாடு முழுவதையும் இணைக்கும் கம்ப்யூட்டர் வலைப்பின்னலை 1960-களில் திட்டமிட்டார், அரசு முழு மனதோடு பணம் ஒதுக்கவில்லை. ஆனால் கணக்கின் வேகம் பாதிப் பிரச்சினைதான். கணக்குக்குள் போகும் எண் உண்மையாக இருக்க வேண்டுமே. கான்டரோவிச்சின் முறைப்படி லெனின்கிராடின் யெகோரோவ் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டை வெட்டினார்கள், கழிவு நன்றாகக் குறைந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம், இல்லையா? ஆனால் உருக்காலைக்கு இவ்வளவு டன் கழிவு இரும்பு அனுப்ப வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு இலக்கு இருந்தது. கழிவைக் குறைத்த பாவத்துக்கு அந்த இலக்கு விழுந்து, சிக்கலாகிவிட்டது. டன் கணக்கில் இலக்கு வைத்ததால் தொழிற்சாலைகள் சரவிளக்குகளைக் கனமாகச் செய்து தள்ளுகின்றன என்று ஸ்டாலினுக்குப் பின் சோவியத் தலைவரான குருஷ்சேவே மேடையில் குறைபட்டுக்கொண்டார்.

சிரித்துவிட்டுப் போக முடியாத உதாரணமும் இருக்கிறது. சீனாவில் 1958 தொடங்கி உள்ளூர் அதிகாரிகள் மேலிடத்தைத் திருப்திப்படுத்த விளைச்சலை ஊதிப் பெருக்கிச் சொன்னார்கள், அந்தப் பொய் எண்ணை வைத்து அரசு கிராமங்களிலிருந்து தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த மூன்று ஆண்டுகளில் பட்டினியால் செத்தவர்கள் கோடிக்கணக்கில். சந்தையிலும் பொய் உண்டு. ஆனால் அங்கே ஒருவன் பொய்யை நம்பி வாங்கினால் அவன் பணம் போகும், மொத்த நாட்டின் தானியமும் ஒரே பொய்யின் பின்னால் போகாது.

இதைப் படித்துவிட்டுச் சந்தை பிரமாதம் என்று தலையாட்டுபவர்களுக்கு ஒரு மருந்தின் கதை சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் ட்செட்சி ஈ கடித்துப் பரவும் தூக்க நோய் முற்றினால் மரணம்தான். பல காலமாக இருந்த மருந்து ஆர்சனிக் கலந்தது, போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவரைக் கொன்றுவிடும். புற்றுநோய்க்காகத் தேடப்பட்ட எஃப்ளோர்னித்தின் என்ற மருந்து இதைக் குணமாக்குகிறது என்று பிறகு தெரிய வந்தது. நினைவிழந்து கிடந்தவர்களையே எழுப்பியதால் 'உயிர்த்தெழுப்பும் மருந்து' என்று அதற்குப் பட்டப்பெயர். 1990-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. ஆனால் நோயாளிகள் காங்கோ, சூடான் கிராமத்து ஏழைகள். லாபம் இல்லை என்று சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றுபோனது. 2000-ல் அதே வேதிப்பொருள் திரும்பவும் கடைக்கு வந்தது, பெண்களின் முகத்தில் முடி வளர்வதைக் குறைக்கும் கிரீமாக.

யாரும் இதில் சதி செய்யவில்லை, இயந்திரம் சரியாகவே வேலை செய்தது. விலைக்குக் காது ரொம்பக் கூர்மை, ஆனால் காசு எழுப்பும் சத்தம் மட்டும்தான் அதற்குக் கேட்கும். கையில் பணமில்லாதவரின் தேவை அங்கே பூஜ்யமாகப் பதிவாகிறது. கடைசியில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் நெருக்கிய பிறகு, 2001-ல் ஒப்பந்தம் போட்டுத்தான் நோய்க்கான மருந்து மறுபடி தயாரானது.

அதனால் சட்டைப் பித்தானையும் காபியையும் விலையிடம் விடலாம், தடுப்பூசியையும் பள்ளிக்கூடத்தையும் அதனிடம் மட்டும் விடக் கூடாது என்பது என் கட்சி. எங்கே கோடு போடுவது என்று கேட்டால் பொருளுக்குப் பொருள் சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்புறம், அந்தக் காபி என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். உலக விலை கொஞ்சம் இறங்கியதும் காஃபி-மிக்ஸைக் கைவிட்டார்கள். ஆனால் கிழக்கு ஜெர்மனியின் திட்டக்காரர்கள் சூடுபட்ட பூனை. 1980-ல் வியட்நாமோடு ஒப்பந்தம் போட்டு, டாக் லாக் மாகாணத்தில் ரொபஸ்டா காபி பயிரிட இயந்திரமும் பயிற்சியும் கொடுத்தார்கள், தொழிலாளர்களுக்கு வீடும் மருத்துவமனையும் கட்டிக்கொடுத்தார்கள். பத்து வருடம் பொறுத்துப் பலன் பார்க்கும் முதலீடு அது. 1986-ல் வியட்நாம் சீர்திருத்தத்தில் இறங்கி விவசாயிகள் சொந்தக் கணக்கில் பயிரிட்டு விற்க வழிவிட்டது, காபித் தோட்டங்கள் மளமளவென்று விரிந்தன. தோட்டங்கள் நல்ல மகசூலுக்கு வந்தபோது அதை வாங்கிக்கொள்ளக் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை, 1990 அக்டோபரில் மேற்கோடு சேர்ந்துவிட்டது. இன்று காபி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு, அந்தக் காபியை நிறைய வாங்கும் நாடுகளில் ஒன்று ஜெர்மனி. இப்போது சந்தை விலைக்கு.