ஜப்பானியம் தெரியாமல் ஒரு ஜப்பானியக் காப்புரிமையைப் படிப்பது

ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலை நடத்தும் வாசகர் ஒருவர், மரவள்ளிப் பாலிலிருந்து திப்பியைப் பிரிக்கும் இயந்திரம் பற்றிய தாள் ஒன்றை அனுப்பியிருந்தார். முழுக்க ஜப்பானிய எழுத்து. நடுவே ஒரு சல்லடை உருளையின் படம். ஓரமெங்கும் அடைப்புக்குறிக்குள் சிறு எண்கள்: 11, 21, 22, 51, 54, 71. “இவை பக்க எண்களா? இந்தத் தாளால் எனக்கு ஏதாவது பயன் உண்டா?” என்று கேட்கிறார்.

நிறையப் பயன் உண்டு. அந்த எண்களுக்கு ஐநிட் குறியீடுகள் என்று பெயர். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் எஸ்டி.9 என்ற தரநிலை இவற்றை வகுத்திருக்கிறது. எந்த நாட்டுத் தாளானாலும் 54 என்றால் கண்டுபிடிப்பின் தலைப்பு, 71 விண்ணப்பதாரர், 72 கண்டுபிடிப்பாளர், 21 விண்ணப்ப எண், 22 விண்ணப்பித்த நாள். மொழி மாறினாலும் எண் மாறாது.

வாசகரின் தாளில் 22-க்கு எதிரே ஹெய்செய் 11 என்று பேரரசர் ஆண்டுக் கணக்கு இருந்தது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 1999. 51-க்கு எதிரே சி08பி 30/04. இது பன்னாட்டு வகைப்பாடு. சி என்றால் வேதியியலும் உலோகவியலும், 08பி என்றால் பாலிசாக்கரைடுகள், 30/04 என்றால் ஸ்டார்ச்சைப் பிரித்தெடுப்பதும் தூய்மைப்படுத்துவதும். ஓர் எழுத்துகூட வாசிக்காமல், இது நம் சேலத்து ஆலைகளின் தொழில்தான் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் என்னை மயக்கும் எண்கள் 31, 32, 33 ஆகிய மூன்றும்தான். 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பித்தவர் 12 மாதங்களுக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால், புதுமையை அளக்க முதல் நாளையே அங்கும் கணக்கில் எடுப்பார்கள். இதுவே முன்னுரிமை. அந்த உரிமையைக் கோரும் ஒவ்வொரு தாளும் தன் பிறப்புச் சான்றிதழை முகப்பிலேயே சுமக்கிறது: முதல் விண்ணப்பத்தின் எண் 31, நாள் 32, நாடு 33. சில அலுவலகங்கள் மூன்றையும் சேர்த்து 30 என்று போடும். ஒரே பிறப்புச் சான்றிதழைக் காட்டும் தாள்கள் எல்லாம், எந்த மொழியில் இருந்தாலும், ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

வாசகரின் தாளில் இந்த மூன்றும் இல்லை. அப்படியானால் அதுவே மூத்த பிள்ளையாக இருக்கலாம். மூத்த தாளில் 21-க்கு எதிரே இருக்கும் எண், தம்பிகளின் தாளில் 31-க்கு எதிரே வருகிறது; 22-க்கு எதிரே இருக்கும் நாள் 32-க்கு எதிரே வருகிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பசெனட் தளத்தில், கட்டணம் ஏதுமில்லாமல், வாசகரின் தாளில் 21-க்கு எதிரே இருந்த எண்ணைக் கொடுத்துத் தேடினேன். அமெரிக்கத் தாள் ஒன்று வந்து நின்றது. அதே உருளை, அதே படம், விளக்கம் மட்டும் ஆங்கிலத்தில். இந்தக் கணத்துக்காகவே நான் எத்தனை இரவுகள் வேண்டுமானாலும் விழித்திருப்பேன்.

பன்னாட்டு விண்ணப்பங்கள் வேறு வழியில் வருகின்றன. 1970-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1978-இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் இந்தியா 1998-இல் சேர்ந்தது. ஒரே விண்ணப்பம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இடம் பிடித்து வைக்கிறது. பிறகு அந்தந்த நாட்டுக்குள் நுழையும்போது, தாளில் 86 என்ற குறியீட்டின்கீழ் பன்னாட்டு விண்ணப்பத்தின் விவரம் ஏறும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பன்னாட்டு விண்ணப்பம் வெளியாகும்போது கிடைக்கும், டபிள்யூஓ என்று தொடங்கும் எண்ணைக் காட்டி ‘உலகக் காப்புரிமை பெற்றோம்’ என்று கல்லூரிகளும் நிறுவனங்களும் பேனர் கட்டுகின்றன. உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. அது, முன்னுரிமை நாளிலிருந்து 18 மாதம் கழித்து வெளியிடப்படும் விண்ணப்பம் மட்டுமே. அந்தத் தாளில் வெளியீட்டு நாளைக் குறிக்கும் 43 இருக்கும். உரிமை வழங்கியதைக் குறிக்கும் 45 இருக்காது. ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் ஒதுக்குபவர்கள் இந்த 45 இருக்கிறதா என்பதையாவது பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேகோ ஆலைக்காரரின் தாளுக்கு வருகிறேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகளான தாள்களின் பட்டியலில் இந்தியத் தாள் எதுவும் இல்லை; அதாவது, இங்கே இதற்கு உரிமை கோரியதாகத் தெரியவில்லை. விண்ணப்பித்தது 1999-இல், காப்புரிமையின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள்; அதுவும் 2019-இல் முடிந்துவிட்டது. அந்த அமெரிக்கத் தாளின் நான்கு வரைபடப் பக்கங்களை அவருக்கு அனுப்பிவிட்டேன். உருளையின் சாய்வும் சல்லடைக் கண்ணின் அளவும் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. அதை அவர் தம் ஊர் லேத் பட்டறையிலேயே கொடுத்துச் செய்துகொள்ளலாம்.