இறக்கத்தில் சார்ஜ் ஏறிவிடும் என்று வண்டி எடுக்காதீர்கள்

போன வாரம் பர்லியாறு பக்கம் நின்றுபோன இன்னொரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பிக்கப்பில் ஏறி எங்கள் பட்டறைக்கு வந்தது. கோளாறு எதுவும் இல்லை, பேட்டரி காலி. "150 கி.மீ. போகும்னு போட்டிருந்தானே" என்றார் சொந்தக்காரர். அந்த எண் சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைமேல் ஓட்டி எடுப்பது. அங்கே கொண்டை ஊசி வளைவும் இல்லை, பின்னால் மனைவியும் காய்கறி மூட்டையும் இல்லை.

குன்னூரில் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் பெட்ரோல் விலை என்பார்கள், இல்லையென்றால் கோவை மச்சான் சொன்னார் என்பார்கள். மச்சான் ஓட்டுவது அவிநாசி ரோட்டில்! 2023 ஜூனில் மத்திய அரசு மானியத்தைக் குறைப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று, ஏற்றத்தில் ஓட்டியே பார்க்காமல் எடுத்தவர்களும் உண்டு.

இதெல்லாம்கூடப் போகட்டும். "இறங்கும்போது சார்ஜ் திரும்ப ஏறிவிடும், மலைக்கு இதுதான் தோது" என்ற பேச்சுதான் எனக்கு ஆகவே ஆகாது. கணக்குப் போடுங்கள். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். அந்த எடையைத் தூக்க மட்டுமே ஒரு யூனிட் கரண்ட் வேண்டும். ரோட்டு உராய்வும் மோட்டார் சூடும் தனி. மூன்று யூனிட் பேட்டரியில் இது சின்னச் செலவா? இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் வண்டியைப் பிடித்தபடியே கரண்டைப் பேட்டரிக்கு அனுப்பும். ஆனால் செலவானதில் கொஞ்சம்தான் திரும்பும். அதுவும் காலையில் வீட்டிலிருந்து ஃபுல் சார்ஜோடு கிளம்பினால் அந்தக் கொஞ்சமும் இல்லை. நிறைந்த பேட்டரிக்குள் கரண்டை கன்ட்ரோலர் விடாது. மோட்டார் பிடிக்காததால் பாரம் முழுக்க பிரேக்கில் விழுகிறது. கருகிய பிரேக் ஷூவைக் கழற்றும்போது வரும் நாற்றம் எங்கள் பையன்களுக்குப் பழகிவிட்டது. மலை இறங்குவதாக இருந்தால் எண்பது சதவீதத்தோடு சார்ஜரைப் பிடுங்குங்கள், மெதுவாக இறங்குங்கள்.

நான் எலக்ட்ரிக் வண்டிக்கு எதிரி இல்லை. ஊட்டி உயரத்தில் காற்று மெலிந்து பெட்ரோல் இன்ஜின் மூச்சு வாங்கும். மோட்டாருக்கு அந்தத் தொல்லையே கிடையாது. உறைபனிக் காலத்தில் மட்டும், இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியை விடிந்ததும் சார்ஜில் போடாதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல் கெடும்.

அப்புறம், லைசென்ஸ் வேண்டாம் என்று விற்கும் 25 கி.மீ. வேக வண்டி. அதன் மோட்டார் 250 வாட்தான். காலேஜ் போகும் பிள்ளைக்கு என்று அதை வாங்கிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. தோழியை ஏற்றினால் நடு மேட்டில் நின்றுவிடும், பின்னால் பஸ் வரும்.

எந்த வண்டியானாலும் பின்னால் ஆளை உட்காரவைத்து உங்கள் வீட்டு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். ஷோரூம்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அட்வான்ஸ் அதற்கு அப்புறம்தான்.