ஈறு நோயும் ஃப்ளூவும்: எச்சிலில் நடக்கும் வேலை

ஜப்பானில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. பல் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை வந்து 98 பேருக்கு வாயைச் சுத்தம் செய்துவிட்டார்கள். மற்ற 92 பேர் வழக்கம்போலத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் முதல் குழுவில் ஒருவருக்கு ஃப்ளூ வந்தது. இரண்டாவது குழுவில் 9 பேருக்கு.

சிறிய ஆய்வு. இதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் அதில் இன்னொன்றையும் அளந்திருந்தார்கள், எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். சுத்தம் செய்துகொண்டவர்களின் எச்சிலில் இரண்டு வகை நொதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. ஃப்ளூ வைரஸுக்கு இரண்டுமே தேவைப்படுபவை.

வைரஸின் மேற்பரப்பில் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதம் முள் முள்ளாக நிற்கிறது. செல்லைப் பற்றி உள்ளே நுழைய உதவுவது இதுவே. ஆனால் புதிதாக உருவான வைரஸில் அது ஒரே துண்டாக இருக்கும். அந்த நிலையில் செல்லைப் பற்றிக்கொள்ளலாம், அதன் சவ்வோடு கலந்து உள்ளே போக முடியாது. குறிப்பிட்ட ஓரிடத்தில் அது இரண்டாக வெட்டுப்பட்டாக வேண்டும். வெட்டும் நொதி வைரஸிடம் கிடையாது! நம் சுவாசப் பாதையில் இருக்கும் டிரிப்சின் வகை நொதிகள்தான் அதைச் செய்து கொடுக்கின்றன.

சரி, ஈறுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆரோக்கியமான ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் ஆழமில்லாத ஒரு இடுக்கு உண்டு. ஈறு நோயில் அது ஆழமாகிறது. காற்றுப் புகாத அந்தப் பையில் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அழற்சியால் கசியும் நீரிலும் ரத்தத்திலும் உள்ள புரதமே அவற்றின் உணவு. அதைச் சிதைக்க ஜிஞ்சிபெய்ன் என்ற நொதிகளைச் சுரக்கின்றன. இவை புரதத்தை வெட்டுவது ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்களை ஒட்டி. பருவகால ஃப்ளூவின் ஹீமாக்ளூட்டினின் வெட்டுப்பட வேண்டிய இடத்தில் இருப்பதும் ஆர்ஜினின்தான். பாக்டீரியாவின் நொதி இப்படி வைரஸுக்கு உதவ முடியும் என்பது புதுச் செய்தியும் அல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் நொதி ஃப்ளூவைத் தீவிரமாக்குவதை 1987இலேயே எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது வெளியேறும் வழி. செல்லுக்குள் பெருகிய வைரஸ்கள் வெளியே வந்ததும், செல்லின் மேலுள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூலக்கூறில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை அறுத்துவிடும் நியூராமினிடேஸ் நொதி வைரஸிடமே இருக்கிறது. டாமிஃப்ளூ, ஜானமிவிர் போன்ற மருந்துகள் தடுப்பது இந்த நொதியைத்தான். 2015இல் ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாயில் வாழும் இரண்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் சுரக்கும் நியூராமினிடேஸ் இருந்தால், ஜானமிவிர் கொடுத்த பிறகும் வைரஸ்கள் கூடுதலாக வெளியேறுவதைக் கண்டார்கள். அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. அந்த இரண்டும் ஈறு நோய்க் கிருமிகளும் அல்ல, எல்லோர் பல் அழுக்கிலும் இருப்பவை. அழுக்கு தடிக்கத் தடிக்க அவையும் கூடுகின்றன.

கோவிட் விஷயத்தில் கத்தாரின் 568 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2021இல் வந்தது. ஈறு நோய் இருந்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் இறப்பதும் அதிகமாக இருந்தது. புகைப்பழக்கம், சர்க்கரை நோய் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. தொடர்புதான், ஈறுதான் காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஈறு நோய் ஃப்ளூவை உண்டாக்குவதில்லை, பல் துலக்குவது தடுப்பூசிக்கு மாற்றும் ஆகாது.

ஆதாரம் வலுவாக இருப்பது வைரஸை விட நிமோனியா விஷயத்தில். தூங்கும்போது எச்சில் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்குவது ஆரோக்கியமானவர்களுக்கும் நடக்கிறது. வயதானவர்களுக்கு இருமி வெளியேற்றும் திறன் குறைந்துவிடும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் பார்த்ததில், வாய்ப் பராமரிப்பு கிடைத்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. கிடைக்காதவர்களில் 19 சதவீதம். அங்கே செய்ததெல்லாம் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளர்கள் பல் துலக்கிவிட்டதும், வாரம் ஒருமுறை பல் மருத்துவர் அல்லது பல் சுகாதாரப் பணியாளர் வந்து பார்த்ததும்தான்.

படுக்கையில் இருக்கும் தாத்தா, பாட்டிக்கு நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்கிற வீடுகளில்கூட வாய் விடுபட்டுப் போகிறது. பல் செட் வைத்திருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள். 85 வயதைத் தாண்டிய 524 ஜப்பானியர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பல் செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.